தாத்தாவின் ஐந்து ரூபா வெள்ளிக்காசு: விலை என்ன, விற்கும் உரிமை யாருக்கு?

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாகப் பணிபுரியும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தந்தை சென்ற ஆண்டு காலமானார். வீட்டைத் திருத்துவதற்காகச் சாமான்களை ஒதுக்கியபோது, தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த தாத்தாவின் தகரப்பெட்டி கிடைத்திருக்கிறது. அதில் 1957ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட பெரிய 5 ரூபா நாணயம் ஒன்று, விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த வெள்ளி ரூபாக்கள் இரண்டு, 1976ஆம் ஆண்டின் 5 ரூபா நாணயம் ஒன்று, ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரையுடன் கூடிய சிறிய செப்புக்காசு ஒன்று, எழுத்தும் எண்ணும் பதித்துத் துளையிட்ட வட்டத் தகரத் தகடு ஒன்று ஆகியவை இருந்தன. பட்டணத்து நகைக்கடைக்காரர் 5 ரூபா நாணயத்தை வெள்ளி விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால், முகநூலில் படத்தைப் பார்த்துத் தொடர்புகொண்ட ஒருவர், அதே நாணயத்துக்கு 18 இலட்சம் ரூபா தருவதாகவும், அதற்கு முன் "பதிவுக் கட்டணம்" 35,000 ரூபாவைத் தம் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். வாசகி தமது அடையாள அட்டையின் படத்தை அவருக்கு அனுப்பிவிட்டார். பணம் இன்னும் அனுப்பவில்லை. இதற்கிடையில் கொழும்பில் வேலை செய்யும் அண்ணன், தேசவழமைப்படி ஆண்பிள்ளைக்கே பெட்டி சேரும் என்கிறார். வேறு தோட்டத்தில் வாழும் அத்தை, தம் தகப்பனாரின் பொருளில் தமக்கும் பங்குண்டு என்கிறார். பழைய காசு அரசாங்கத்துக்கே சொந்தம், வெளியில் காட்டினால் பொலிஸ் வரும் என்று அயலவர் ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருப்பதால் பணத்தேவை இருக்கிறது. "இந்தக் காசின் உண்மையான பெறுமதி என்ன, நான் அதை விற்கலாமா?" என்பதே அவருடைய கேள்வி.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் முதலில் பதில் சொல்லவேண்டியது நீங்கள் கடைசியாக, ஏறக்குறைய போகிற போக்கில், எழுதியிருப்பதற்குத்தான். அந்த 35,000 ரூபாவை அனுப்பாதீர்கள். ஒரு பொருளை வாங்குபவர் விற்பவருக்குப் பணம் கொடுப்பார். விற்பவரிடம் பணம் கேட்கமாட்டார். பதிவுக் கட்டணம், வரி, காப்புறுதி, மத்திய வங்கி அனுமதி என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது ஒன்றேதான். முதற்தொகையை அனுப்பியவுடன் இன்னொரு கட்டணம் முளைக்கும். நாணயத்தை வாங்க ஒருவரும் வரமாட்டார். இந்தியாவில் இந்த மோசடி மிகப் பரவியதால், 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இந்திய ரிசர்வ் வங்கியே, தான் பழைய நாணய விற்பனையில் ஈடுபடுவதில்லை என்றும் அதற்காகக் கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்றும் பொதுமக்களுக்கு அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து வரும் காணொளிகளை நம் தோட்டங்களில் எல்லோரும் பார்ப்பதால், "இந்தக் காசு இருந்தால் நீங்கள் இலட்சாதிபதி" என்ற பேச்சு இங்கும் வேரூன்றிவிட்டது.

அடையாள அட்டையின் படத்தை அனுப்பியது பற்றி நீங்கள் அஞ்சுவது நியாயம். உங்கள் பெயரில் யாராவது சிம் அட்டை பெறவோ, வேறொருவரை ஏமாற்றும்போது அந்த அட்டையைத் தம்முடையதாகக் காட்டவோ முயலலாம். ஆகவே அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒரு முறைப்பாட்டைப் பதிந்து, அதன் இலக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உரையாடல்களை அழிக்காமல் படமெடுத்துச் சேமியுங்கள். அவர் கொடுத்த வங்கிக் கணக்கு இலக்கமும் தொலைபேசி இலக்கமும் அந்த முறைப்பாட்டில் இருக்கட்டும். பொய் சொல்லி நம்பவைத்துப் பணம் பெறுவது நமது தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு சொல்லும் ஏமாற்றுதல் என்ற குற்றமாகும். கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறை இரகசிய இலக்கத்தை அவர் கேட்டால் எக்காரணம் கொண்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் கையில் இருப்பவை என்ன பெறும்

பழையது என்பதாலேயே ஒரு நாணயம் விலை மதிப்புள்ளதாகிவிடும் என்ற எண்ணம் உங்கள் கடிதம் முழுவதும் இழையோடுகிறது. நாணயத்தின் விலையை அதன் வயது தனியாகத் தீர்மானிப்பதில்லை. என்ன உலோகம், எத்தனை வெளியிடப்பட்டு எத்தனை மிஞ்சின, எந்த அளவு தேயாமல் இருக்கிறது, அதைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர் ஆகிய நான்கும் சேர்ந்தே விலையாகின்றன. ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள செப்புக்காசு ஒருநேரச் சாப்பாட்டு விலைக்குப் போவதும், ஐம்பது ஆண்டு நாணயம் பவுண் விலைக்குப் போவதும் இதனால்தான்.

உங்கள் 1957ஆம் ஆண்டு நாணயம், புத்த ஜயந்தியின் 2500ஆவது ஆண்டை நினைவுகூர அன்றைய இலங்கை அரசு வெளியிட்டது. அதே நினைவாக 1 ரூபா நாணயமும் வெளிவந்தது. ஆனால் அது செம்பும் நிக்கலும் கலந்தது, வெள்ளி இல்லை. 5 ரூபா நாணயமோ ஆயிரத்துக்கு 925 பங்கு தூய வெள்ளி கொண்டது, நிறை 28.28 கிராம். அதாவது அதற்குள் ஏறத்தாழ 26.16 கிராம் தூய வெள்ளி இருக்கிறது. அன்றைய வெள்ளி விலை கிராமுக்கு எவ்வளவோ அதை 26.16ஆல் பெருக்கினால் வருவதே உங்கள் நாணயத்தின் அடிவிலை. அதற்குக் கீழே எவருக்கும் கொடுக்கத் தேவையில்லை, உருக்குக் கூலி என்று கடைக்காரர் கழிக்கும் சிறு தொகையைத் தவிர. நகைக்கடைக்காரரை நீங்கள் கடிதத்தில் கொஞ்சம் கடுமையாகப் பேசியிருக்கிறீர்கள். வெள்ளி விலை சொன்னவர் உங்களை ஏமாற்ற வந்தவர் அல்லர். தமக்குத் தெரிந்த விலையைச் சொன்னார்.

அடிவிலைக்கு மேல் என்ன கிடைக்கும் என்பதே அடுத்த கேள்வி. இந்த நாணயம் 5 இலட்சம் அச்சிடப்பட்டது. அப்படிப்பட்ட ஒன்று அரிதான பொருள் ஆகாது. சேகரிப்பவர்கள் பலரிடம் ஏற்கெனவே இருக்கும். ஆகவே சாதாரணமாகப் புழங்கிய நிலையில் உள்ள ஒன்று வெள்ளிப் பெறுமதியை ஒட்டியோ அதற்குச் சற்று மேலாகவோதான் கைமாறுகிறது. தேய்மானமே இல்லாத ஒன்று அதைவிடக் கூடுதலாகப் போகும். கண்ணாடி போல் மெருகிட்டுச் சேகரிப்பாளருக்கென்றே சிறு எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட பதிப்பும் உண்டு; அது வேறு விலை. ஆனால் தகரப்பெட்டியில் மற்றக் காசுகளோடு உரசிக் கிடந்த உங்களுடையது அந்தப் பதிப்பாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 18 இலட்சம் என்ற கணக்குக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் வழியில்லை.

விக்டோரியா ரூபாக்கள் பற்றி ஒரு தவறான புரிதல். அவை இலங்கை நாணயங்கள் இல்லை, பிரித்தானிய இந்தியாவின் நாணயங்கள். 1872இல் இங்கே ரூபாவும் சதமும் கணக்கு முறையானபோது, இந்திய வெள்ளி ரூபாவே நம் நாட்டிலும் செல்லுபடியானது. இந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோரின் முடிச்சுகளிலும் அது வந்தது. ஒவ்வொன்றும் 11.66 கிராம் நிறையுடையது, ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளி கொண்டது. ஒன்றில் 1862 என்று இருப்பதால் அது மற்றதைவிடப் பழமையானது என்று எழுதியிருக்கிறீர்கள். 1862 என்ற ஆண்டை மாற்றாமல் 1874 வரை அதே அச்சில் அடித்துக்கொண்டே இருந்தார்கள். எண்ணற்ற அளவில் வெளிவந்த அந்த ஆண்டெண் தனியாக எதையும் உறுதிப்படுத்துவதில்லை. காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த அடையாளம் விளிம்பில் இருந்தால் சேகரிப்பு விலை போய்விடும், வெள்ளி விலை மட்டும் மிஞ்சும்.

1976ஆம் ஆண்டின் 5 ரூபா நாணயம், கொழும்பில் நடந்த அணிசேரா நாடுகளின் மாநாட்டின் நினைவாக வந்தது. அதில் வெள்ளி இல்லை. மகளிடமே கொடுத்துவிடுங்கள்.

ஒரு ரூபாவைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். செய்ததைத் திருப்ப முடியாது, ஆனால் மற்றவற்றைத் தொடாதீர்கள். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவது போல் நாணயத்தைத் துலக்கினால், பல ஆண்டுகளாக அதன்மேல் படிந்த மங்கல் நிறத்தோடு நுண்ணிய மேற்பரப்பும் போய்விடுகிறது. பயிற்சியுள்ளவர் ஒரு பார்வையில் அதைக் கண்டுபிடித்து விலையைக் குறைப்பார். பற்பசை, எலுமிச்சை, பித்தளை பொலிஷ் எல்லாம் அதே கெடுதல்தான். மென்மையான துணியில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள்.

விலையை நீங்களே எப்படி அறியலாம்

முதலில் நிறை. நகைக்கடையின் மின் தராசில் வைத்து, எண்ணை நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 28.28 கிராமிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு விலகினால், அது வார்ப்புப் போலியா என்று யோசிக்க வேண்டியிருக்கும்; தேய்மானம் கொஞ்சம்தான் குறைக்கும். காந்தத்தில் ஒட்டினால் வெள்ளி இல்லை. ஒட்டாவிட்டால் வெள்ளி என்று முடிவெடுத்துவிடவும் கூடாது, செம்பு கலந்தவையும் ஒட்டுவதில்லை.

அடுத்து இரு பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேராகப் படமெடுத்து, நியூமிஸ்டா போன்ற நாணய விபரத் தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். உலகின் பெரும்பாலான நாணயங்களின் நிறை, உலோகம், அச்சான எண்ணிக்கை எல்லாம் அங்கே கிடைக்கும். ஈபே போன்ற தளங்களில் விலை பார்ப்பீர்களானால் ஒரு வித்தியாசத்தை மறக்காதீர்கள். கேட்கிற விலை வேறு, விற்றுமுடிந்த விலை வேறு. யாரும் தம் காசுக்கு ஒரு கோடி என்று எழுதிவைக்கலாம். விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி அங்கே இருக்கிறது; அதைத் தெரிவுசெய்து பத்துப் பதினைந்து விற்பனைகளைப் பார்த்தால், விலை எந்த எல்லைக்குள் ஓடுகிறது என்பது விளங்கிவிடும். மகளுக்கு இது அரைமணி நேர வேலை.

பிறகு குறைந்தது இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். ஒருவர் பட்டணத்து நகைக்கடைக்காரர், இன்னொருவர் நாணயம் சேகரிப்பவர் அல்லது விற்பவர். கண்டியிலும் கொழும்பிலும் அவர்கள் இருக்கிறார்கள். நகைக்கடைகளையே கூடுதலாகப் பார்க்க விரும்பினால் அண்ணன் கொழும்புச் செட்டியார் தெருவில் விசாரிக்கலாம். நாணயத்தை எவரிடமும் "பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று விட்டுவிட்டு வராதீர்கள். வங்கியில் கொடுத்து நல்ல விலை பெறலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். வங்கியைப் பொறுத்தவரை அதன் முகப் பெறுமதி 5 ரூபாதான்.

அரசாங்கத்துக்குச் சொந்தமா

அயலவர் சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு, அதைப் பெரிதாக்கிவிட்டார். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் என்று வரையறுக்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்ட நாள் அது. அந்த வரையறைக்குள் உங்கள் 1957, 1976 நாணயங்களோ விக்டோரியா ரூபாக்களோ வரமாட்டா. வீட்டுப் பெட்டியில் பரம்பரையாக இருந்தவை அவை; தாராளமாக வெளியில் காட்டலாம், விற்கலாம்.

ஒல்லாந்தக் கம்பனியின் செப்புக்காசு மட்டும் வேறு. ஒல்லாந்தர் இங்கே கரையோரத்தை ஆண்டது 1796 வரை. ஆகவே அது உண்மையானதென்றால் அந்த வரையறைக்குள் வந்துவிடுகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கென்று செய்யப்பட்ட போலியாகவும் இருக்கலாம். எப்படியானாலும் அதை விற்பனைக்குக் கொண்டுபோகவேண்டாம். வெளிநாட்டிலுள்ள எவருக்கும் தபாலில் அனுப்பவே வேண்டாம், தொல்பொருளை அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம். தொல்பொருள் திணைக்களத்துக்குப் படத்துடன் ஒரு கடிதம் எழுதி, இன்ன பெட்டியில் இருந்தது என்று தெரிவித்து, அவர்களின் பதிலைக் கோவைப்படுத்திக்கொள்ளுங்கள். இத்தகைய ஒல்லாந்தக் காசுகள் நம் நாட்டில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அதனால் நீங்கள் பெரிதாக எதையும் இழக்கப்போவதில்லை.

துளையிட்ட தகரத் தகட்டைக் காசு என்று எண்ணியிருக்கிறீர்கள். அது காசு இல்லை என்பது என் முடிவு. 1901இல் தொடங்கிய தகரத் துண்டு முறையில், இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வரும் தொழிலாளியின் கழுத்தில் இப்படி ஒரு தகட்டைக் கட்டி அனுப்பினார்கள். வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதற்கு அதிலுள்ள எண்ணே அடையாளம். அதற்கும் வாங்குவோர் இருப்பார்கள். ஆனாலும் பெட்டியில் இருப்பவற்றுள் விற்கவே கூடாதது எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன். உங்கள் குடும்பத்தில் எவர் எந்தத் தோட்டத்துக்கு வந்தார் என்பதற்கு வேறு எழுத்துச் சான்று இருக்குமோ தெரியாது. வீட்டில் பாதுகாக்க முடியாவிட்டால், கம்பளைக்கு அண்மையில் பழைய லயன் ஒன்றில் இயங்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையுடன் பேசிப் பாருங்கள்.

பங்கு யாருக்கு

அண்ணன் சொல்வது சட்டப்படி சரியில்லை. தேசவழமை யாழ்ப்பாண மாகாணத்துத் தமிழருக்குரிய தனிச்சட்டம். மலையகத் தமிழராகிய நமக்கு நாட்டின் பொதுச்சட்டமே பொருந்தும்; அதன்படி மகனுக்கும் மகளுக்கும் வேறுபாடு கிடையாது. மரண சாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி அரைப்பங்கு வாழ்க்கைத் துணைக்கும், மீதி அரைப்பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகவும் போகும்.

அதேவேளை, உங்கள் அத்தையை நீங்கள் ஒதுக்கிவிட்டதும் சரியில்லை. இங்கே ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தாத்தா உயிரோடு இருந்தபோதே பெட்டியை உங்கள் தந்தையின் கையில் "இது உனக்கு" என்று கொடுத்தாரா, அல்லது தாத்தா இறந்தபின் பெட்டி அவர் வீட்டிலேயே தங்கிவிட்டதா? அசையும் பொருளை உயிரோடிருக்கையில் கையில் கொடுத்து மற்றவர் ஏற்றுக்கொண்டால் அதற்கு உறுதி எழுதத் தேவையில்லை. அது தந்தையின் சொத்தாகிவிடும். அப்படியானால் உங்கள் அம்மாவுக்கு அரைப்பங்கும், அண்ணனுக்கும் உங்களுக்கும் காற்பங்கு வீதமும் சேரும். பெட்டி வெறுமனே வீட்டில் தங்கியதென்றால், தாத்தாவின் பிள்ளைகள் இருவர் என்றும் அப்பாயியும் காலமாகிவிட்டார் என்றும் நீங்கள் எழுதியிருப்பதால், பாதி அத்தைக்குரியது. மற்றப் பாதியிலிருந்து, மொத்தத்தில் காற்பங்கு அம்மாவுக்கும், அரைக்காற்பங்கு வீதம் உங்களுக்கும் அண்ணனுக்கும் வரும். இரண்டு கணக்கிலும் உங்கள் அம்மாவின் பங்கு உங்களுடையதைவிட இரண்டு மடங்கு. உங்கள் கடிதத்தில் அம்மாவின் விருப்பம் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதைக் கவனித்தேன்.

இந்தப் பங்குக் கணக்கை முன்வைத்து நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லமாட்டேன். மூன்று வெள்ளிக்காசுகளின் விலை ஒரு வழக்கின் முதல் நாள் செலவுக்கே போதாது. பேசித் தீராவிட்டால் உங்கள் பிரதேச மத்தியஸ்த சபைக்கு எழுதுங்கள். அங்கே சட்டத்தரணி வைக்கவேண்டியதில்லை. ஆனால் தீராமல் போக இதில் பெரிதாக எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். 18 இலட்சம் என்ற பொய்தான் அண்ணனையும் அத்தையையும் ஒரே நேரத்தில் உரிமை கேட்கவைத்தது. உண்மையான விலையை அவர்கள் முன்னிலையிலேயே நிறுத்துக் காட்டினால், மகளின் படிப்புக்கு விட்டுக்கொடுக்க அவர்களே முன்வரக்கூடும்.

ஆகவே விற்பதற்கு முன், பெட்டியில் உள்ளவற்றின் பட்டியலை நிறை, ஆண்டு, படம் ஆகியவற்றுடன் ஒரு தாளில் எழுதி, எதை விற்பது, எதை யார் வைத்திருப்பது, வரும் பணம் யாருக்கு என்பதைக் குறிப்பிட்டு, அம்மா, அண்ணன், அத்தை, நீங்கள் நால்வரும் திகதியிட்டுக் கையொப்பமிடுங்கள். அத்தைக்குக் கையெழுத்துப் போட வராது என்றால் பெருவிரல் அடையாளம் வைத்து, குடும்பத்துக்கு வெளியே இருவரைச் சாட்சியாக்குங்கள். ஆளுக்கொரு பிரதி இருக்கட்டும். விற்கும்போது கடைக்காரரிடம் நாணயத்தின் விபரமும் நிறையும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

மகளின் செலவுக்கு இந்தப் பெட்டியை நம்பியிருக்கவேண்டாம். விடுதிக்கும் புத்தகங்களுக்கும் முதல் மாதத்தில் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவே. மகாபொல புலமைப்பரிசிலுக்கும் பல்கலைக்கழகத்தின் நிதியுதவிக்கும் விண்ணப்பித்தாயிற்றா என்று மகளிடம் இன்றே கேளுங்கள். அவற்றுக்கு முடிவுத் திகதி உண்டு, வெள்ளிக்காசுக்கு இல்லை. பொலிஸ் முறைப்பாட்டில் ஏதாவது சிக்கல் எழுந்தால், உங்கள் பகுதிக்குரிய சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்தில் உங்கள் வருமான நிலையைச் சொல்லி இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.